பச்சையை வீணாக்குவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிக்னலில் வலப்பக்கம் திரும்ப நிற்பவர்கள் பச்சை விளக்கை வீணாக்குகிறார்கள் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் இதே பகுதியில் எழுதியிருந்தார். ‘எல்’ பலகை மாட்டிய ஒரு வெள்ளைக் கார், எதிரே வழி காலியாக இருந்தும் நகராமல் நின்று தன் பச்சையைத் தின்றுவிட்டதாம். இப்படிப்பட்டவர்களுக்கு அவர் சூட்டிய பெயர் ‘பயந்தாங்கொள்ளிகள்’. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பயந்தாங்கொள்ளிகளின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள் நான். கார் ஓட்டக் கற்றுத் தருவது என் தொழில். என் பக்கம் ஸ்டீயரிங் கிடையாது. காலடியில் கூடுதலாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. அதை நான் அதிகம் மிதித்தது வலத் திருப்பங்களில்தான்.

வாசகர் சொன்னதில் பாதி சரி. பச்சை விழுந்த பிறகும் நிறுத்தக் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே நின்று, எதிர்ச்சாலை முழுவதும் காலியாகட்டும் என்று தவமிருப்பவர்கள் உண்டு. சந்திப்புக்குள் நடுப்பகுதி வரை நேராக முன்னேறி அங்கேதான் காத்திருக்கவேண்டும். சக்கரங்களும் நேராக இருக்கவேண்டும். முன்கூட்டியே வலப்பக்கம் ஒடித்து வைத்துக்கொண்டு நின்றால், பின்னாலிருந்து யாராவது இடித்த கணத்தில் நம் கார் எதிரே வரும் வண்டிகளின் நடுவே போய் நிற்கும். இதைவிட எரிச்சலூட்டுபவர்கள், சிவப்பு முழுவதும் சும்மா இருந்துவிட்டுப் பச்சை விழுந்ததும் இண்டிகேட்டர் போடுபவர்கள். முன்பே போட்டிருந்தால் பின்னால் வந்தவர் வேறு வரிசைக்கு மாறியிருப்பார். அவர் கோபப்படுவதில் தவறே இல்லை.

மீதிப் பாதிக்கு வருகிறேன். பின்னால் நிற்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்கும் காரின் முதுகு மட்டும்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, எதிர்ச்சாலையைக் குறுக்கே கடந்து முடிக்க நான்கைந்து வினாடிகள் வேண்டும். அதாவது எதிரே வருபவர் அறுபது, எழுபது மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் போகலாம். மோட்டார் சைக்கிள் என்றால் கணக்கு இன்னும் ஏமாற்றும். உருவம் சிறிதாக இருப்பதால் தூரத்தில், மெதுவாக வருவதுபோலத் தோன்றும். இத்தனையும் பார்த்து முடித்தால், திரும்பப் போகும் சாலையில் நடந்து கடப்பவர்கள் இருப்பார்கள். பல சிக்னல்களில் அவர்களுக்கும் அதே நேரத்தில்தான் பச்சை. கண்ணாடியை ஒட்டிய கதவுத் தூண் ஒரு முழு மனிதரையே மறைத்துவிடும் என்பதால், கோழியைப்போலத் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே செய்தால் போதும்.

இதன் நடுவே பின்னாலிருந்து ஹாரன். அது என்ன செய்கிறது என்பதை நான் ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் காது மடல் சிவக்கும். பிறகு கிளட்சிலிருந்து இடது கால் தானாக எழும்பும்.

ஒருநாள் நடந்தது. பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று ஐம்பது வயதுக்குமேல் கற்க வந்த ஒரு பெண்மணி சந்திப்பின் நடுவில் சரியாகவே காத்திருந்தார். எதிரே இரண்டு வரிசை. உள்வரிசையில் வந்த ஒரு வேன் நின்றது. ஓட்டுநர் ஹெட்லைட்டை மின்னவைத்து, கையையும் அசைத்து, போங்கள் என்றார். பின்னாலிருந்து ஹாரன். “டீச்சர், அவரே விடுகிறார்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா காலை எடுத்தார். நான் பிரேக்கை மிதித்தேன். வேனுக்கு மறுபக்கம், நடைபாதையை ஒட்டிய வரிசையில், ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் முன்பக்கத்தைத் தாண்டிப் போயிற்று. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏன் குறைக்கவேண்டும், அவருக்குப் பச்சை.

வேன் ஓட்டுநர் நல்ல மனிதர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. அவரால் தன் வழியைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். பக்கத்து வரிசையில் வருபவரின் வழியை எடுத்து எங்களுக்குத் தானம் செய்ய முடியாது. ஹெட்லைட் மின்னலும் அப்படித்தான். சிலருக்கு அது ‘நீங்கள் போங்கள்’, சிலருக்கு ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’. நான் இங்கிருப்பதைக் கவனியுங்கள் என்று தெரிவிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தவேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் கண்டிப்பாகச் சொல்கிறது.

அம்புக்குறி இல்லாத வெறும் வட்டப் பச்சையில், திரும்புபவர்தான் எதிரே நேராக வருபவருக்கு வழிவிடவேண்டும். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே இருக்கும் விதி இது. அப்படியானால் எதிரே வருபவர் காட்டக்கூடிய மரியாதைதான் என்ன? பச்சையில் நிற்காமல் போய்விடுவது. மஞ்சளில் நிற்பது. இரண்டாவதுதான் அரிது. சந்திப்பின் நடுவில் நிற்கும் கார் வெளியேற நம்பியிருப்பது அந்த மூன்று நான்கு வினாடிகளைத்தான். பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டவரைத் தவிர மற்றவர்கள் நிற்கவேண்டும் என்பதே மஞ்சளின் பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை அழுத்துபவர், காத்திருந்தவரின் ஒரே வாய்ப்பைப் பறிக்கிறார். அவர் நின்றுவிடுவார் என்று நம்பிக் கிளம்பியவர்மீது மோதவும் செய்கிறார். சிவப்பு விழுந்த பிறகும் முன்னால் போனவரின் வாலைப் பிடித்துக்கொண்டு நுழையும் மூன்றாவது காரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது குறுக்குச்சாலைக்காரரின் பச்சையைத் திருடுவது.

வலப்புறம் ஓட்டும் நாடுகளில் இந்தத் தலைவலி இடத் திருப்பத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பொதிகளைக் கொண்டுசேர்க்கும் யூபிஎஸ் நிறுவனம், தன் வண்டிகள் முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதபடியே பாதை வகுக்கிறது. இதைப் படித்தபோது என் மாணவர்களுக்கு நல்ல துணை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். நெரிசல் மிகுந்த சந்திப்பு என்றால் நானும் நேராகப் போகச் சொல்லி, அடுத்தடுத்து மூன்று முறை இடப்பக்கம் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். சுற்றுதான். ஆனால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

வாசகர் குறிப்பிட்ட வெள்ளைக் கார் என்னுடையதாகவும் இருக்கலாம். அந்த வாரம் ஒரு மாணவர், மஞ்சளில் கிளம்பவேண்டிய நேரத்தில் நடுச்சந்திப்பில் இன்ஜினை அணைத்துவிட்டார். மறுபடி உயிர்ப்பிப்பதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. அது எங்கள் பிழை, வருந்துகிறேன். ஆனால் அதற்குச் சற்று முன்பு, வழி காலியாக இருந்ததாக வாசகர் நினைத்த நேரத்தில், எதிரே நின்றிருந்த பஸ்ஸை ஒட்டி ஒரு சிறுவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு அவன் தெரிந்திருக்க வழியில்லை.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர்