நான் காவல் பார்க்க மாட்டேன், மக்களே

மக்களே,

நேற்று நீ கேட்டதற்குப் பதிலை எழுதியே அனுப்புகிறேன். போனில் என்றால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய். உன் பெண்டாட்டி எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினாள், வகுப்பு முடிந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் யாரோடு நின்றாள் என்றெல்லாம் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறாய். பெற்ற தாயானாலும் என்னால் முடியாது.

மஸ்கட்டில் நீ தனியாகக் கிடந்து கஷ்டப்படுவது எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் வரும், சரி. அதற்காக அவள் எந்நேரமும் லொக்கேஷன் அனுப்ப வேண்டுமா? வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டுமா? போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்து நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், உனக்கு அனுப்ப டிக்கெட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஷால் போடாத படத்தை வாட்ஸ்அப்பில் வைக்கக் கூடாது என்றாயாம். நம் ஊர்க்காரன் வாயிலிருந்து இந்தப் பேச்சு வரலாமா? மேலாடை போட்ட குற்றத்துக்காக நம் பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்த மண் இது. எத்தனையோ அடியும் கலவரமும் தாண்டி, 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அன்று நம் குமரியை ஆண்ட திருவிதாங்கூர் மகாராஜா அறிவித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு முடிச்சுப் போட்டார்கள். கிழித்தவனும் நீயும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அவள் எதை உடுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவனும் நினைத்தான், நீயும் நினைக்கிறாய்.

"அவ எனக்க பெண்டாட்டி" என்கிறாய். பிறன் மனைவியோடு உறவு வைப்பது குற்றம், ஆனால் அவள் கணவன் சம்மதித்தால் குற்றமில்லை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497-ஆம் பிரிவு இருந்தது. பெண்ணைக் கணவனின் சொத்தாகப் பார்க்கிற சட்டம் என்று சொல்லி 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடிக்கவில்லையே என்றும் சொல்கிறாய். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதோடு நிற்கவில்லை. வார்த்தையால் நோகடிப்பதும், அவள் பணமும் நகையும் அவளுக்குக் கிடைக்காமல் செய்வதும் அதில் வன்முறைதான். அவள் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றக் கத்திச் சம்பாதிக்கிற சம்பளத்தில் ஒரு சேலை எடுக்க உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அவள் அப்பா போட்ட நகையை லாக்கரிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் கணக்கின் மெசேஜ் உன் நம்பருக்கு வருகிறதே, அதை மாற்ற திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வங்கிக்குப் போகிறோம். டிஎன்பிஎஸ்சி வகுப்புக்கும் அவள் தொடர்ந்து போவாள். கோபம் வந்தால் எனக்குப் போன் பண்ணு. அவளுக்குப் பண்ணாதே.

அம்மா