கை கட்டி நின்று உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மகன் உப்புவெளியில் ஒரு ஹோட்டல் லோண்டரியில் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் முடிகிறது. டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, வயது 22. உங்களை நேரில் காணும்போதெல்லாம் நன்றி சொல்ல வாயெடுப்பேன், அழுகைதான் முந்திக்கொண்டு வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ரீச்சர், உங்களுக்கு. விசேட கல்வி அலகில் அவன் படிப்பை முடித்த பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தீர்கள். "காலையில் எழும்பினதிலிருந்து இவன் தானாகவே என்னென்ன செய்கிறான்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் இல்லை. சட்டைப் பொத்தான் பூட்டுவது நான், சப்பாத்து நாடா கட்டுவது நான், முட்டைக் கோது உடைப்பதும் நான். நீங்கள் என்னைக் குறை சொல்லவில்லை. "அம்மா, வேலைப் பழக்கம் இந்தக் குசினியிலதான் தொடங்குது. நாளைக்கு அவன் பொத்தான் பூட்டும்போது உங்கட ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ" என்றீர்கள். பூட்டி முடிக்க அவனுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் அது பெரிய பாடம்.

அப்புறம் துவாய். ஒரு துவாயை மடிப்பதை ஆறு படிகளாகப் பிரித்தீர்கள். முதல் ஐந்தையும் நீங்களே செய்துவிட்டு, கடைசி மடிப்பை மட்டும் அவனிடம் கொடுத்தீர்கள். ஒரே மடிப்பு. "முடிச்சிட்டன்!" என்று துவாயைத் தூக்கிக் காட்டினான். அடுத்த கிழமை கடைசி இரண்டு மடிப்பு, பிறகு மூன்று. இதை ஏன் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் சிக்கி வெறுத்துப்போவான், கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் முடித்த வேலைதான் அவன் கையில் இருக்கும் என்றீர்கள். இத்தனை வருடம் பிள்ளை வளர்த்த எனக்கு இது தெரியாமல் போனதே என்று அன்றிரவு நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆறு படிகளையும் படமாக வரைந்து அட்டைகளும் செய்து தந்தீர்கள். டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே மனதில் நன்றாக நிற்கும் என்று நீங்கள் சொன்னதை அந்த அட்டைகளில் கண்டேன்.

காசும் அப்படித்தான். எண் பிடிபடவில்லை என்றதும் நிறத்தைப் பிடித்தீர்கள். செம்மஞ்சள் நூறு, ஊதா ஐந்நூறு, பச்சை ஆயிரம். இருபது ரூபாய்த் தாளில் ஆந்தை இருப்பதை நானே அவன் காட்டித்தான் கவனித்தேன்.

நிலாவெளி பஸ்ஸில் அவனைத் தனியாக அனுப்ப நான் சம்மதிக்கவே இல்லை. என் தம்பிக்குத்தான் அந்த நன்றி. முதல் கிழமை மருமகனுக்குப் பக்கத்தில் இருந்தாய். பிறகு இரண்டு சீட் பின்னால். பிறகு பஸ்ஸில் ஏறாமல் மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனாய். வீதியோரத்தில் இருக்கிற யுத்தகாலக் கல்லறைத் தோட்டத்தை அவனுக்கு அடையாளம் சொல்லிவைத்தாய்: வெள்ளைக் கல் வரிசை வந்தால் இறங்குமிடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். இரண்டு நாள் தாண்டிப் போனான். இரண்டு நாளும் தானே இறங்கித் திரும்பி நடந்து வந்தான். அந்த பஸ் கொண்டக்டர் தம்பிக்கும் நன்றி. மிச்சக் காசை மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல அவன் கையில்தான் கொடுத்தீர்கள், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்கவில்லை.

ஹோட்டலுக்கு முன்னால் வேறொரு இடத்தில் கேட்டோம். "பாவம், வந்து இருக்கட்டும், சம்பளம் மட்டும் எதிர்பார்க்காதீங்க" என்றார்கள். எங்காவது போய்வந்தால் போதும் என்று நான் தலையாட்டப் போனேன். பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர் ஐயா, நீங்கள்தான் என்னை உட்காரவைத்துப் பேசினீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறனைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் ஒருவரை ஒதுக்க முடியாது என்றீர்கள். அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்ததையும் சொன்னீர்கள். அதையெல்லாம் வைத்துச் சண்டை பிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் என் பிள்ளைக்குப் பிச்சை கேட்கவில்லை என்ற நினைப்போடு அடுத்த வாசல்படி ஏறினேன்.

அந்த வாசலில் இருந்தவர்களுக்கு என்ன சொல்ல? முகாமையாளர் அவர்களே, இரண்டு கிழமை பார்ப்போம் என்று சொன்னீர்கள், அந்த இரண்டு கிழமைக்கும் கூலி கொடுத்தீர்கள். கிண்ணியாவிலிருந்து வரும் நானா, லோண்டரியில் என் மகனுக்கு எல்லாமாக இருப்பது நீங்கள். கூடைகளுக்கு நிற ரேப் ஒட்டினீர்கள்: சிவப்பில் துவாய், நீலத்தில் கட்டில் விரிப்பு, மஞ்சளில் தலையணை உறை. தேநீர் நேரத்துக்கு மணிக்கூட்டில் ஒரு ஸ்டிக்கர். "அவனுக்கு ஒரு நேரத்தில ஒண்டுதான் சொல்லணும், சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரை எண்ணணும், அதுக்குள்ள ரெண்டாந்தரம் சொல்லக்கூடாது" என்று மற்றப் பொடியன்களுக்கும் சொல்லிவைத்தீர்கள். அந்தப் பத்து எண்ணிக்கை என் மகனுக்கு எவ்வளவு பெரியது என்று பெற்ற எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோரும் அவனிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சீசன், விரிப்புகள் மலையாகக் குவியும். அந்த நாட்களில் அவன் தடுமாறினான், ஒருநாள் கூடையைத் தள்ளிவிட்டு அழுதானாம். நானா, நீங்கள் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. வெளியே கூட்டிப்போய்க் கடலைப் பார்க்க இருத்தினீர்கள், பிறகு பாதிக் கூடையோடு மறுபடி தொடங்கவைத்தீர்கள். கறையுள்ள விரிப்பைப் பிரித்தெடுக்க இப்போது அவனைவிட ஆள் இல்லை என்று போன மாதம் சொன்னீர்கள். அதை அவன் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறான் தெரியுமா!

முகாமையாளர் அவர்களே, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நியமனக் கடிதத்தையே அவனுக்கும் கொடுத்தீர்கள். சம்பளச் சீட்டில், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவனுடைய 8 வீதம் கழிகிறது, ஹோட்டல் 12 வீதம் போடுகிறது. எனக்குப் பிறகு இவன் என்ன செய்வான் என்று படுக்கையில் நினைக்காத இரவு இல்லை. அந்தச் சிறிய வரியை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

ரீச்சரின் அலகில் இந்த வருடம் இன்னும் சில பிள்ளைகள் படிப்பை முடிக்கிறார்கள். கடை, பேக்கரி, அச்சகம் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை ரீச்சரோடு பேசிப் பாருங்கள். துவாய் அட்டைகள் ஆறும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மகனே உறையில் போட்டுக் கொண்டுபோய், அடுத்ததாகப் பழகும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தான். கடைசி அட்டையை மேலே வைத்திருந்தான்.

அன்புடன்,
ஓர் அம்மா, திருகோணமலை