முதுநகர் ஊசி நாளில் உதவிய அக்காவுக்கு நன்றி

பெயர் கேட்டால் "எதுக்கும்மா" என்று நகர்ந்துவிட்ட கடலூர் முதுநகர் அக்காவுக்குச் செவிலியர்களின் நன்றி. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் வராமல் தடுக்கும் டிடி ஊசிக்குக் கர்ப்பிணி தலையாட்டினாலும், முடிவு பெரும்பாலும் கூட வரும் மாமியார் கையில். நீங்கள் நேரே அவர்களிடமே பேசினீர்கள்: "டிடி ஊசியில உயிருள்ள கிருமி கிடையாது அத்தை, கரு கலையாது. ஒண்ணு ரெண்டு நாள் கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம்."

வலியை மறைக்காததுதான் முக்கியம். மறைத்தால், 4 வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாவது ஊசிக்குப் பலர் வருவதில்லை. கடந்த 3 வருஷத்துக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டவருக்கு ஒரே ஒரு பூஸ்டர் (ஊக்க ஊசி) போதும். பழைய தடுப்பூசி அட்டை இருந்தால்தானே தெரியும்? அதையும் வீட்டுக்கு ஆளனுப்பி எடுத்துவர வைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. அடுத்த புதன்கிழமையும் வாங்க, டீ எங்கள் செலவு.