டயோரமா போட்டி நடுவர்களுக்கு: மரத்தையும் அளந்து பாருங்கள்

அளவு மாதிரிப் போட்டிகளை நடத்துவோர்க்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

இராணுவ டயோரமா ஒன்று, அதாவது டாங்கியும் வீரரும் மண்ணும் மரமுமாகச் சிற்றளவில் அமைத்த போர்க்காட்சி, மேசைக்கு வந்ததும் நீங்கள் முதலில் டாங்கியைத்தான் பார்க்கிறீர்கள். ஆணித்தலைகள் இடத்தில் இருக்கின்றனவா, வண்ணம் அந்த ஆண்டுக்கு உரியதா என்று டார்ச் அடித்துத் தேடுகிறீர்கள். அது சரியே. ஆனால் பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பற்றி இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. வெப்பமண்டலம் என்றால் நாலு பிளாஸ்டிக் தென்னையும் தரை தெரியாத பச்சையும் போதும் என்றாகிவிட்டது. மரம், தரை, மனித உருவம் மூன்றுக்கும் டாங்கிக்குக் காட்டும் அதே கண்டிப்போடு மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மரம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பசிபிக் தீவான குவாடல்கனாலின் லுங்கா முனைக்குத் தென்னை பொருந்தும். அதுவும் தோட்டத்தில் வரிசை பிடித்து நட்ட தென்னை. நாகாலாந்தின் கோகிமா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் மலையூர். 1944 சண்டையைச் செய்கிறேன் என்று அங்கே தென்னையை நிறுத்துவது, டாங்கிக்கு வேறொரு டாங்கியின் சுடுகுழாயை ஒட்டுவது போன்ற பிழை. இரண்டாவதற்கு மதிப்பெண் குறைக்கிறீர்கள், முதலாவதைக் கவனிப்பதில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். மலாயாவில் மூவார் அருகே பக்ரி, 1942 ஜனவரி 18. ஜப்பானியரின் 95 ரக ஹா-கோ டாங்கிகளை ஆஸ்திரேலியரின் 2 பவுண்டர் பீரங்கிகள் சாலையிலேயே மடக்கி அழித்த இடம். பலரும் விரும்பிச் செய்யும் காட்சி. ஹா-கோவின் கவசம் மிகத் தடித்த இடத்திலேயே 12 மி.மீ.தான். கவசம் துளைக்கும் குண்டுகள் ஒருபுறம் புகுந்து மறுபுறம் போய்விட, பீரங்கிக்காரர்கள் வெடிக்கும் குண்டுக்கு மாறினார்கள். அந்தப் பீரங்கியின் 40 மி.மீ. குண்டு போட்ட துளை 1/35 அளவில், அதாவது உண்மையில் 35இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில், 1.1 மி.மீ. இதைச் சரியாகத் துளையிடுகிறவர்கள், சாலையோரம் ஈச்சையும் பனையும் கலந்த காட்டை நட்டுவிடுகிறார்கள். மூவார் வட்டாரத்தின் பெரும்பகுதி அப்போது ரப்பர்த் தோட்டம். மலாயாத் தமிழர் ‘பால்மரம்’ என்று சொல்லி, நிரை பிடித்துப் பால் எடுக்கப் பட்டை வெட்டிய மரம் அது. தமிழ் வாசிக்கும் மாதிரிக் கலைஞருக்கு இதைக் கேட்டறிய ஆள் கிடைப்பது அரிதல்ல.

பால்மரத்தின் அளவுகள் எளியவை. 15 முதல் 20 மீட்டர் உயரம், அதாவது 1/35இல் 43 முதல் 57 செ.மீ. அடிமரம் 25 முதல் 30 செ.மீ. குறுக்களவு, அதாவது 7 முதல் 8.5 மி.மீ. கீழ்க்கிளை இருக்காது, தண்டு வழவழவென்று மேலே போய்த்தான் கிளைக்கும். நிரைக்கு நிரை 5, 6 மீட்டர் என்று வைத்தால் மாதிரியில் 14 முதல் 17 செ.மீ. இடைவெளி வரும். ஹா-கோவின் நீளமே 12.5 செ.மீ.தான். 30 செ.மீ. பலகையில் ஓரத்தோடு ஓரமாக நட்டாலும் மூன்று நிரைக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் நிரை நின்றால் ஒன்று அளவு தவறு, அல்லது அது ரப்பர்த் தோட்டம் இல்லை.

தண்டுக்கு 8 மி.மீ. மர உருளை போதும். ஃபெவிகாலில் மெல்லிய டைல்ஸ் பூச்சுப் பொடியைக் குழைத்துப் பூசி, காய்வதற்குள் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் பட்டை வரும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. அதன் மேல் வெளிறிய பாசித் திட்டுகள். பலர் சாக்லேட் பழுப்பு அடித்து, உலர்தூரிகையால் ஓரங்களை வெளுப்பாக்கி நிறுத்திவிடுகிறார்கள்; அது குளிர்நாட்டு ஓக் மரமாகத் தெரிகிறது.

வெட்டுக்கோடுதான் இந்த மரத்தின் முகம். மரத்துக்கு எதிரே நின்றால் இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகை சாய்வில், சுற்றளவில் பாதிக்கு ஓடும். பால்நாளங்கள் எதிர்ச்சாய்வில் ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். எதிர்த்திசையில் கோடு போட்ட மாதிரிக்குப் பரிசு போனால், தோட்டத்தில் உளி பிடித்தவர் ஒரு பார்வையில் பிழையைச் சொல்லிவிடுவார். வட்ட அரத்தால் கோட்டைக் கீறி, அதற்கு மேலே ஏற்கெனவே வெட்டி ஆறிய பகுதியை வழவழப்பாக விடவேண்டும். கோட்டின் கீழ்முனையிலிருந்து ஒரு நேர்க்காடி, ஒரு தகர மூக்கு, அதன் கீழே கம்பியில் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம். மங்கு சுமார் 3 மி.மீ. அகலம், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை உருண்டைமுனைக் கருவியால் அழுத்தி நறுக்கினால் வரும். வெள்ளைப் பால் வடிவதாகக் காட்டினால் அது காலை நேரம், வெட்டுகிறவர்கள் அன்று வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பொருள். பீரங்கி முழங்கும் சாலையோரத்தில் காய்ந்து பழுத்த பாலும் மழைநீர் நின்ற மங்கும்தான் நம்பும்படி இருக்கும்.

இலை மூன்று மூன்றாக வரும்; ஒரு சிற்றிலை சுமார் 15 செ.மீ., மாதிரியில் 4 மி.மீ. மலாயாவில் இது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கும் மரம். ஜனவரிக் காட்சியில் தரை முழுக்கச் செம்மஞ்சள் சருகைப் பரப்பினால் மாதம் தவறிவிடும். தரை மூடாக்குக் கொடியாகவோ களை பறித்த வெறும் மண்ணாகவோ இருக்கலாம். திறந்த ஓரங்களில் மட்டும் லாலான் புல், 3 முதல் 4 செ.மீ. உயரத்துக்கு, தேங்காய் நாரை வெட்டிச் சாயமேற்றினாலே போதும். வெறுமையாக இருக்கிறதே என்று இத்தகைய தரைக்குத் தயவுசெய்து மதிப்பெண் குறைக்காதீர்கள். வேலை குறைந்ததால் வந்த வெறுமை அன்று; தோட்டத்தை அறிந்ததால் வந்தது.

மண்ணுக்கு உண்மை மண்ணே நல்லது, ஆனால் அடுப்பில் 110 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்கிய பிறகு. அப்படியே போட்டால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். டீ வடிகட்டியில் சலித்து, ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு நீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து சொட்டவிட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை மண்மேல் முத்துமுத்தாக உருளும். செம்மண் நனைந்தால் கருக்கும், காய்ந்தால் வெளிறும். டாங்கித் தடத்தில் ஒட்டிய சேறு தரையின் அதே பொடியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். இரண்டும் வேறு நிறமானால் டாங்கி வேறெங்கிருந்தோ தூக்கி வைத்தது போல் நிற்கும்.

சாலையோரக் கானில் (வடிகாலில்) நீர் வைப்பவர்கள் எபாக்சி ரெசினை ஒரேயடியாக ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஒரு முறைக்கு 3 மி.மீ. போதும், தடித்தால் சூடேறி விரிசல் விடும். கீழே உள்ள பிளாஸ்டரை முன்பே வார்னிஷ் பூசி அடைக்காவிட்டால் குமிழ் கிளம்பும். மழைநாளில் ஊற்றினால் மேற்பரப்பு மங்கிப் பிசுபிசுக்கும்.

தென்னை உண்மையிலேயே வேண்டிய காட்சிக்கு, ஈர்க்கை மட்டையின் நடுநரம்பாக வையுங்கள். 13 செ.மீ. ஈர்க்கில் இருபுறமும் காகிதம் ஒட்டி, 2 செ.மீ. நீளக் கீற்றுகளாகச் சாய்வாக நறுக்கவேண்டும். வண்ணத்துக்கு முன் இருபக்கமும் வார்னிஷ் அடிக்காவிட்டால் காகிதம் சுருளும். பித்தளைத் தகட்டு இலைகளைத் தீயில் காட்டி ஆறவைத்த பிறகு வளைத்தால்தான் தொங்கல் வரும். இல்லாவிட்டால் சீப்பு மாதிரி விறைத்து நிற்கும்.

மனித உருவங்களில் நீங்கள் தவறவிடும் பெரிய பிழை காட்டுப்பச்சைச் சீருடை. அது பின்னாளில் பர்மாப் போர்முனைக்கு வந்தது. 1942 ஜனவரியில் மலாயாவில் நின்ற இந்தியச் சிப்பாய்க்கு காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால்சட்டை. கையில் பழைய பிரிட்டிஷ் எஸ்.எம்.எல்.இ. துப்பாக்கி, மாதிரியில் 32 மி.மீ. நீளம், ஜப்பானியரின் 38 ரக அரிசாகா 36.5 மி.மீ. அளவுகோல் வைத்தாலே மாற்றிக் கொடுத்தது தெரியும். சீக்கியரின் தலைப்பாகையை எபாக்சி புட்டியில் செய்யலாம். கலந்து இருபது நிமிடம் விட்டு, மெல்லத் தேய்த்து, பட்டை பட்டையாக வெட்டி, பின்னிருந்து முன்னாகச் சுற்றவேண்டும். ஒரே உருண்டையில் கோடு கீறினால் பூசணியாகிவிடும். இந்தியத் தோல்நிறத்துக்கு ஐரோப்பிய நிறத்தில் கறுப்பைக் கலப்பது தவறு, சாம்பல் பூத்துவிடும். செம்பழுப்பை அடியாக வைத்து, மேடான இடங்களை மஞ்சட்காவியால் வெளுப்பாக்குங்கள். வியர்வை முதுகிலும் அக்குளிலும் கருத்து, ஓரத்தில் உப்பு வெளுத்திருக்கும். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் அது எண்ணெய்.

இனி எங்கள் கோரிக்கை. பதிவுச் சீட்டில் இடம், மாதம், காட்சியில் உள்ள முக்கிய மரம் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நடுவர்களில் ஒருவர் அந்தச் சீட்டையும் ஓர் அளவுகோலையும் கொண்டு தாவரங்களை மட்டும் பார்க்கட்டும். உயர வரம்பையும் மாற்றுங்கள். 57 செ.மீ. மரத்தை 30 செ.மீ. வரம்புக்குள் அடக்கச் சொல்வதால்தான் குள்ளமரங்கள் வருகின்றன. வரம்பை உயர்த்த இடமில்லை என்றால், தண்டை 25 செ.மீ.யில் வெட்டி மேலே சட்டம் போட்டு மறைப்பதை முறையான உத்தியாக ஏற்று விதித்தாளில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
1/35 அளவில் வெப்பமண்டலக் காட்சிகள் செய்வோர்