பல் கிளிப் துண்டை விழுங்கிவிட்டால்: பெற்றோரின் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் மதிய இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் கடலை மிட்டாயைக் கடித்தபோது, பல்லில் ஒட்டியிருந்த கிளிப்பின் சிறு துண்டு பெயர்ந்து மிட்டாயோடு உள்ளே போய்விட்டது. கடைசிப் பாடவேளை வரை அவர் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார். ஆசிரியை அருகில் சென்று விசாரித்த பிறகே, "அப்பா திட்டுவாங்க மிஸ், நிறைய பணம் கட்டிப் போட்டது" என்று அழுதிருக்கிறார். எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு இரைப்பையில் தெரிந்தது. நான்காம் நாள் தானாகவே வெளியேறிவிட்டது.

இத்தகைய நேரத்தில் முதலில் அறிய வேண்டியது, துண்டு உணவுக்குழாய்க்குள் போனதா, மூச்சுக்குழாய்க்குள் போனதா என்பதே. விழுங்கிய பின் இருமலோ மூச்சுத்திணறலோ தொண்டைவலியோ இல்லாமல் குழந்தை இயல்பாகத் தண்ணீர் குடித்தால், அது பெரும்பாலும் வயிற்றுக்குள் போயிருக்கும். பல் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அவர் சொல்வதைச் செய்யலாம். விழுங்கிய கணத்தில் கடுமையாகப் புரையேறியிருந்தால், பிறகு இருமல் அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுக்குழாயில் தங்கிய துண்டு சில நாள் அமைதியாக இருந்துவிட்டு, விடாத இருமலாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படுவதுண்டு. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுதல், நெஞ்சுவலி, கூரான கம்பி முனை உள்ளே போயிருத்தல் ஆகியவற்றிலும் தாமதம் கூடாது.

குழந்தையால் இரும முடிந்தால் இருமவே விடுங்கள். இருமவோ பேசவோ முடியாமல் மூச்சு அடைத்தால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பலனில்லையெனில் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடாதீர்கள்.

மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்றை உருட்டிக் கொடுப்பதும், வாந்தி எடுக்க வைப்பதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். அவை உதவுவதில்லை, கூரான துண்டாக இருந்தால் காயப்படுத்தவும் கூடும். வழக்கமான உணவையே கொடுத்து, சில நாள் மலத்தைக் கவனித்து வாருங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை. வயிற்றுவலி, வாந்தி, இரத்தம் அல்லது கறுத்த மலம் காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கழற்றி மாட்டும் பிளேட் உடைந்திருந்தால், மீதியை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும். பிளேட்டின் பிளாஸ்டிக் பகுதி பெரும்பாலும் தெரியாது. உடைந்ததை மீண்டும் மாட்டிவிட வேண்டாம்.

தொடக்க வகுப்புகளில் பால் பல்லை விழுங்கிவிடுவதும் உண்டு. புரையேறாதவரை அதற்காகப் பதற வேண்டியதில்லை. கூரைமேல் எறியப் பல் இல்லையே என்பதுதான் அக்குழந்தைகளின் கவலை.

கிளிப் போட்டிருக்கும் மாணவர்களின் பெற்றோர், தங்கள் பல் மருத்துவரின் தொலைபேசி எண்ணை வெள்ளிக்கிழமைக்குள் நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்ப வேண்டுகிறேன். கடலை மிட்டாய், முறுக்கு போன்றவற்றை அவர்களுடைய டிபன் பாக்ஸில் வைக்க வேண்டாம். துண்டு பெயர்ந்தால் திட்ட மாட்டோம் என்பதை இன்றிரவே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்