சவால் அவர்களே, ஒருமுறை மணப்பாடு வாருங்கள்

அன்புள்ள ஜோர்டி சவால் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் பழைய இசையை ஏடுகளில் தேடியெடுத்து வாசிக்கிற ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் நீங்கள்; உங்கள் பெயரைத் தமிழில் எழுதினால் யாரையோ வம்புக்கு இழுப்பது போல இருக்கிறது. எங்கள் ஊரில் சவால் விடுவது என்றால் 'முடிந்தால் மோதிப் பார்' என்று அர்த்தம். இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் 2014-இல் ஸ்பெயினின் தேசிய இசை விருது எனக்கு வேண்டாம் என்று அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினீர்களே, அந்தத் துணிச்சலில் ஒரு சிட்டிகை கடன் வாங்கித்தான் எழுதுகிறேன்.

உங்களை முதலில் கேட்டபோது என் காது கர்நாடக சங்கீதக் காது. நீங்கள் வாசிக்கிற வயோலா த காம்பா என்ற பழைய ஐரோப்பிய வில் வாத்தியத்தைப் பார்த்து, ஏதோ செல்லோ என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அதன் கழுத்தில் வீணை போல மெட்டுகள், அதுவும் குடல் நரம்பைச் சுற்றிக் கட்டியவை, வில்லைப் பிடிக்கிற கையோ உள்ளங்கை மேலே பார்த்தபடி. செல்லோ படித்துத் தேறிய ஒருவர், வாசிக்க ஆளே அருகிப்போயிருந்த இந்த வாத்தியத்தைத் தானாகவே பழகி, பிறகு சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போய் முறையாகக் கற்று, 1974-இல் மனைவி மொன்செராட் ஃபிகேராஸோடும் இரண்டு நண்பர்களோடும் ஹெஸ்பேரியோன் குழுவைத் தொடங்கியிருக்கிறார் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது பெயருக்குப் பின்னால் ரோமன் எண்ணில் 20, நூற்றாண்டு மாறியதும் 21. இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வாத்தியம் இல்லை, நீங்கள் பழைய ஏட்டைப் படித்த விதம். ஸ்வரக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தோடி பாடினால் எப்படி இருக்கும் என்று சென்னையில் எந்த சபா வாசலிலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கமகம் தாளில் இல்லை, குருவின் தொண்டையில் இருக்கிறது. உங்கள் 16ஆம் நூற்றாண்டு ஏடுகளும் அப்படித்தான், எலும்பு மட்டும் இருக்கிறது, சதையை வாசிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும். 1553-இல் ரோமில் தியேகோ ஓர்டிஸ் வெளியிட்ட புத்தகமே, திரும்பத் திரும்ப வரும் கீழ்ச்சுரங்களின் மேல் எப்படிக் கற்பனையாக வாசிப்பது என்று சொல்லித்தருவதுதான். எங்களுக்குச் சொல்லித்தர குரு இருக்கிறார், உங்கள் குருமார்கள் போய்ச் சேர்ந்து முந்நூறு, நானூறு வருஷம் ஆயிற்று.

என்ன செய்தீர்கள்? வாய்வழி மரபு இன்னும் உயிரோடு இருக்கிற ஊர்களின் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டீர்கள். இதைத்தான் நான் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மெக்சிகோவின் வேராகுரூஸ் பக்கம் திருவிழாவில் ஹரானா என்ற சின்ன கிட்டாரை அடித்து ஆடுகிறார்களே, அது ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுபோன பழைய கிட்டாரின் பேரப்பிள்ளை. ஐரோப்பிய அரண்மனையில் செத்துப்போன வாசிப்பு அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களின் விரலில் உயிரோடு இருந்திருக்கிறது. மெக்சிகோவின் தெம்பெம்பே குழுவை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து ஃபொலியா என்ற பழைய ஆட்ட மெட்டை வாசித்தபோது, அவர்களை மேடைக்கு அழகு சேர்க்க வந்தவர்களாக நீங்கள் நடத்தவில்லை, ஆசிரியர்களாக நடத்தினீர்கள். மொராக்கோவின் ஊத் வாத்தியக்காரர், இஸ்தான்புல்லின் புல்லாங்குழல்காரர் எல்லாரிடமும் அதேதான்.

(ஒரு சின்ன முணுமுணுப்பு: சில கச்சேரிகளில் முஸ்லிம், யூத, கிறிஸ்தவப் பாட்டுகள் ரொம்பவே சுமுகமாக ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன. 1492-இல் யூதர்களை நாட்டை விட்டே விரட்டிய ஸ்பெயினின் பாட்டு அது என்பது கேட்கும்போது மறந்தே போகிறது. கொஞ்சம் உறுத்தினால் தேவலை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் பிரான்சிஸ் சேவியரின், அதாவது எங்கள் சவேரியாரின், கீழைப் பயணத்தை இசையாகவே சொல்லி ஒரு தொகுப்பு வெளியிட்டீர்கள். அதற்கு ஆதாரமாக ஜப்பானிய மறைவுக் கிறிஸ்தவர்களின் கதை இருந்தது. 1614-இல் மதம் தடை செய்யப்பட்டது, 1873 வரை நீடித்த அந்தத் தடைக்காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாதிரி இல்லாமலே இகிட்சுகி தீவுக்காரர்கள் லத்தீன் பாட்டுகளை வாய்வழியாகவே காப்பாற்றினார்கள், 'ஓ குளோரியோசா' அவர்கள் வாயில் 'குருரியோசா' ஆகியிருந்தது. இதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் இந்தியா வந்ததும் சரோடும் தபலாவும். ஐயா, இன்றைய சரோடு உருவானதே சேவியர் இறந்து இருநூறு வருஷத்துக்கும் மேலே ஆன பிறகுதானே! அது போகட்டும். அவர் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, சில மாதங்களிலேயே எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடி முதல் குமரி வரை மணலில் நடந்தார். பாஸ்க் மொழி பேசி வளர்ந்த மனிதர் தமிழும் போர்த்துகீசிய மொழியும் தெரிந்த பரதவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவருடைய கடிதத்திலேயே இது இருக்கிறது. அவருக்குப் பிறகு 1554-இல் லிஸ்பனில் தமிழ் ஜெபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வந்தது. வார்த்தைகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் எந்த ராகத்தில் இழுத்துச் சொன்னார்கள் என்பது மட்டும் எதிலும் இல்லை. நீங்கள் வாழ்நாள் முழுக்கத் தேடிய அதே எலும்புக்கூடு, இங்கே தமிழில்.

நான் சின்ன வயதில் அதே கடற்கரையில் இருக்கிற மணப்பாட்டில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொண்டு இழுப்பார்கள். அம்பா பாட்டு என்பார்கள். நடுவில் மாதாவும் சவேரியாரும் வந்துபோவார்கள். சேவியர் காலத்து மெட்டு அதில் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் அதே மணலில், அதே உப்புக் காற்றில் வளர்ந்த குரல்கள் அவை. ஃபைபர் படகும் எஞ்சினும் வந்த பிறகு இழுக்கிற வேலையும் குறைந்தது, பாட்டும் குறைந்தது. என்னோடு வந்திருந்த மாமா அன்றைக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். அதில் சினிமாப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எண்பதைத் தாண்டிய உங்களை இவ்வளவு தூரம் கூப்பிடுவது நியாயமில்லைதான். முடியாவிட்டால் உங்கள் மாணவர் யாரையாவது அனுப்புங்கள். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். லண்டன் வாத்தியக் கைவினைஞர் பாரக் நார்மன் 1697-இல் செய்த உங்கள் வயோலா த காம்பாவை மட்டும் கொண்டுவர வேண்டாம், எங்கள் கடல் காற்றில் குடல் நரம்பு ஐந்து நிமிஷம்கூட சுருதியில் நிற்காது. சும்மா கையை வீசிக்கொண்டு வந்தால் போதும். கோயில் மேட்டுக்குக் கீழே, குகைப் பக்கம் உட்கார நிழல் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ரசிகன் ஒருவன்