அப்பாவின் மருந்துச் சீட்டு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் போன வாரம் பேசினான், இன்னும் அதே ஸ்கூட்டர்தானாம். பதில் எழுதத் தாமதமானதற்கு நேரில் திட்டிக்கொள், இப்போது விஷயத்தைக் கேள்.

நீ அனுப்பிய அப்பாவின் சீட்டு மனதை அரிக்கிறது. வயது 82, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறாய். அடுத்த வரியிலேயே விடிகாலையில் வேர்த்துக் கொட்டி, பாத்ரூம் வாசலில் தள்ளாடினார் என்கிறாய். இரண்டும் ஒரே சேதியாக இருக்கலாம்டா! சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு இரவு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான்.

இங்கே சிகாகோவில் முதியவர்களுக்குத் தேவைக்கு மிஞ்சிய பரிசோதனையையும் வைத்தியத்தையும் குறைப்பது பற்றி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. 60 கிளினிக், 371 டாக்டர்கள். ஒரு பிரிவு டாக்டர்களுக்கு இதைப் பற்றி வெறும் பாடம். மற்றப் பிரிவுக்குக் கூடவே கணினிப் பதிவேட்டில் எச்சரிக்கை. 76 வயதோ அதற்கு மேலோ ஆன ஆணுக்குப் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையை எழுதப்போனால், இதனால் கெடுதல் வரலாம் என்று திரை சொல்லும். காரணம் எழுதாமல் தொடர்ந்தால் அதுவும் பதிவாகும். டாக்டரைத் தடுப்பதில்லை, ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. 18 மாதத்தில், பாடம் மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு 100 பேருக்கு 8.7 பிஎஸ்ஏ பரிசோதனை குறைந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை வைத்தியமோ 1.4 மட்டுமே குறைந்தது. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: புதிய டெஸ்டை எழுதாமல் விடுவது சுலபம், பல வருடமாக ஓடும் மாத்திரையை நிறுத்தத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

உங்கள் டாக்டர் மேஜையில் அப்படி எச்சரிக்கை எதுவும் வராது. நீதான் கேட்க வேண்டும். நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. விடிகாலை மூன்று மணிக்கும், தள்ளாடும்போதும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வை. 70க்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடு, அன்றே டாக்டரிடம் போ. இந்த வயதுக்கு 6.3 வேண்டுமா, கிளிமிபிரைடைக் குறைக்கலாமா என்று வாய்விட்டுக் கேள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அப்புறம், மாஸ்டர் செக்கப்புக்கு அழைத்துப் போகிறேன் என்றாயே. அதில் பிஎஸ்ஏ இருந்தால், அவருக்குத் தொந்தரவு எதுவும் இல்லாதபோது, வேண்டாம் என்று சொல். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அதை ஸ்கிரீனிங்காக, அதாவது அறிகுறி இல்லாதபோது நோயைத் தேடும் சோதனையாக, செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2018இலேயே சொல்லிவிட்டது.

குறித்த அளவுகளை வாட்ஸ்அப்பில் போடு. நடுராத்திரியானாலும் பார்ப்பேன்.

உன்,
ஒல்லி